புது வீட்டுக்காரர்

பேரனின் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம். “இதுல என்ன தாத்தா எழுத?” என்றான். பிறர் நிரப்பிய கட்டங்களில் குற்றம் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன் நான். பேனாவைப் பிடித்துக்கொண்டு விழித்தேன். எங்கிருந்தோ குற்றாலத்து நல்லெண்ணெய் வாசனை வந்தது.

அது யுத்த காலம். தென்காசியில் ஓர் அலுவலகத்தில் நான் புதுக் குமாஸ்தா. வெளிநாட்டார் எவரானாலும் விசாரித்து எழுத உத்தரவு. செங்கோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் எஞ்சின் பார்த்துவந்த துரை ஒருவர், சாரலுக்காகக் குற்றாலத்தில் தங்கியிருந்தார். பெயரின் கடைசியில் எச்செவெரியா என்று இருந்தது. அவருடைய அப்பாவின் பெயரில் அது இல்லை, வேறொன்று இருந்தது. எனக்கு அது போதாதா?

நான் போனபோது துண்டைக் கட்டிக்கொண்டு எண்ணெய் தேய்ப்புக்கு உட்கார்ந்திருந்தார். ஸ்பெயினின் வடக்கு மலைகளில் பாஸ்க் என்ற இனமாம். அங்கே பெயர் வீட்டுக்குத்தானாம். குடியிருப்பவர்களுக்கு அது ஒட்டிக்கொள்ளுமாம். அப்பா வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவராம். எச்செவெரியா என்றால் புது வீடு என்று அர்த்தமாம். எத்தனை ‘ஆம்’, பாருங்கள்!

“வீடு கட்டி எத்தனை வருஷம்?” என்று இங்கிலீஷில் கேட்டேன்.

“முந்நூறு இருக்கும்.”

“அப்புறமும் புது வீடா?” என்று குறித்துக்கொண்டேன்.

எண்ணெய் தேய்த்த மாடசாமி எங்கள் வாசுதேவநல்லூர்க்காரன். “தொர என்ன சொல்லுதாரு?” என்றான். சொன்னேன். சிரித்தான்.

“இதுல என்ன அதிசயம்? உங்களயும் ஊர்ல புதுவீட்டுக்காரவன்னுதான சொல்லுதாவ? உத்தரமெல்லாம் கரையான் தின்னுட்டு, இன்னும் புது வீடு! உங்க ஐயாவும் வீட்டோட மாப்பிளதான?”

“ஏலே, உன் சோலியப் பாரு.”

அவன் என்ன சொன்னான் என்று துரை கேட்டார். சந்தேகம் தீரவில்லை என்று நான் எழுதினால் தன்னைக் காவல் முகாமுக்கு அனுப்புவார்கள் என்பது அவருக்குத் தெரியும். “ஒன்றுமில்லை” என்றேன். சந்தேகப்பட்டு எழுதியவனை யாரும் கேள்வி கேட்பதில்லை; நம்பி எழுதியவனுக்குத்தான் மெமோ வரும். ‘பெயரில் முரண்பாடு. விளக்கம் திருப்தியளிக்கவில்லை’ என்று அழகான கையெழுத்தில் எழுதினேன்.

நாலே நாளில் துரையை வேனில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்ததாகத் தெரியவில்லை. அடுத்த சாரலுக்கு நான் போய் உட்கார்ந்தபோது மாடசாமி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தான். “கை வலிக்கு சார்.” பக்கத்து ஆளுக்குத் தேய்க்கும்போது அந்தக் கை வலிக்கவில்லை.

பேரனின் கட்டத்தை நிரப்பாமல், போன வாரம் வாசுதேவநல்லூருக்குப் பஸ் ஏறினேன். வீட்டை விற்று வெகுகாலம். அந்த இடத்தில் லாரி ஷெட் நின்றது. எதிர் டீக்கடையில், “நான் புதுவீட்டுக்காரன்” என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இங்கன அப்படி ஒரு வீடே கெடயாதே அண்ணாச்சி. நீங்க எந்த ஊரு?”

விளக்கினேன். அவருக்குத் திருப்தியளித்ததாகத் தெரியவில்லை.