இரண்டாவது றேடியோ

றேடியோப் பாட்டும் எங்கள் குளத்து வாய்க்கால் தண்ணியைப் போல முறை வைத்துத்தான் வரும் என்று ஒன்பது வயது வரை நம்பியிருந்தேன். இப்போது மகள் தொலைக்காட்சியில் சானல்களைத் தட்டித் தட்டி மாற்றும்போதெல்லாம் அது நினைவுக்கு வந்து வெட்கமாக இருக்கிறது.

அறுபதுகளில் றேடியோ வைத்திருக்கவே லைசன்ஸ் எடுக்கவேண்டும்; அக்கராயனில் எங்கள் பக்கத்தில் லைசன்ஸ் உள்ள ஒரே றேடியோ தேத்தண்ணிக் கடை நடராசா அண்ணையுடையது. தேத்தண்ணி வாங்காதவருக்குப் பாட்டு இல்லை. யாராவது முணுமுணுத்தால் பாட்டின் நடுவிலேயே நிறுத்திவிடுவார். பெண்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

ஒருநாள் என் ஐயாவும் தபால் கந்தோரில் லைசன்ஸ் எடுத்து, ஒரு றேடியோவோடு வீட்டுக்கு வந்தார். முற்றம் நிறையச் சனம். என் கண்ணோ கடை இருந்த பக்கமே. முறை தவறி வாய்க்காலை மறித்தவனை மண்வெட்டியோடு துரத்துகிற ஊர் எங்களுடையது. பாட்டுத் தொடங்கியதும் பாய்ந்துபோய்ப் பெட்டரி வயரைப் பிடுங்கினேன்.

“என்னடா செய்யிறாய்?”

“நடராசா அண்ணை வெட்ட வரப்போறார், ஐயா! அவற்ற பாட்டை நாங்கள் மறிச்சுப்போட்டம்!”

முற்றமே சிரித்தது. ஐயா வயரைத் திரும்பக் கொழுவினார். “ஓடிப்போய்ப் பார், அங்க எவ்வளவு மிச்சம் கிடக்கெண்டு.”

ஓடினேன். கடையில் அதே பாட்டு, ஒரு சொல்லும் குறையாமல் பாடிக்கொண்டிருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

“தம்பி, உங்கட வீட்டில கனசனமோ?” என்றார் நடராசா அண்ணை.

“ஓம் அண்ணை.”

அடுத்த கிழமை அவர் கடை வாசலில் பெண்கள் இருந்து கேட்கவென்று இரண்டு வாங்கு போட்டார். தேத்தண்ணி வாங்காமலும் பாட்டுக் கேட்கலாம் என்றார்.