முதலாளியின் டீசல் பிளஷர்

போன வாரம் மகள் புதுக் கார் வாங்கினாள். "ஓட்டிப் பாருப்பா" என்று சாவியைக் கையில் கொடுத்தாள். அதில் கிளச்சே கிடையாதாம். செவிலிமேடு தாண்டி ரோடு காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் என் இடது கால் அடங்கவில்லை, இல்லாத மிதியைத் தேடித் தேடித் தரையை உதைத்துக்கொண்டே வந்தது. "இன்னாப்பா, கால் வலிக்குதா?" என்றாள். வலியெல்லாம் இல்லை. அந்த நேரம் பார்த்து முன்னால் ஒரு மணல் லாரி மேட்டில் ஏற முடியாமல் முக்கியது. கிளச் கருகுகிற வாசனை காருக்குள் வந்தது. முடி பொசுங்கினால் ஒரு நாற்றம் வருமே, அதோடு கொஞ்சம் கந்தகத்தையும் சேர்த்தாற்போல. கோபமே படக்கூடாது என்று டாக்டர் எனக்குச் சொல்லி வைத்திருக்கிறார். அந்த வாசனைக்கு அது தெரியுமா?

எழுபதுகளில் பெட்ரோல் விலை ஏறியதே, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போது நான் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை முதலாளிக்கு டிரைவர். மீசையை முறுக்கிவிட்டு, காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து மாட்டிக்கொண்டு திரிவேன். கலெக்டருக்கே கார் ஓட்டுகிற நினைப்பு எனக்கு. கார் என்னவோ பழைய கறுப்புப் பிளஷர், சொந்தக் காருக்கு அப்போது அதுதான் பேர். முதலாளியின் அப்பா வாங்கின வண்டி.

முதலாளிக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரைப் பிடிக்காது. காரில் ஏறினால் பின்சீட்டிலிருந்து குடைக் கம்பியால் என் தோளைக் குத்தித்தான் "இடது", "வலது" என்பார். வாய் எதற்கு இருக்கிறதோ. ஆனால் அந்தக் காரை எனக்குப் பிடிக்கும். அதற்காகத்தான் அவரைப் பொறுத்துக்கொண்டேன்.

பெட்ரோல் விலை ஏறியதும் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. எங்கேயோ நொறுங்கிக் கிடந்த ஒரு வேனின் டீசல் என்ஜினை வாங்கிவந்து, மெக்கானிக் கோதண்டத்தின் ஷெட்டில் இறக்கினார். "இத என் வண்டில மாட்டு" என்றார். கோதண்டம் வீட்டில் தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம். தறி பிடிக்காமல் ஸ்பேனரைப் பிடித்தவன். கைகாரன்தான், அதை இல்லை என்று சொல்லமாட்டேன்.

என்ஜின் ஒரு ஜாதி, கியர்பாக்ஸ் வேறு ஜாதி. கியர்பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற தண்டில் பல் பல்லாக வரி இருக்கும். கிளச் பிளேட்டின் நடு ஓட்டையில் அதே வரி இருந்தால்தான் இரண்டும் கோத்துக்கொள்ளும். டீசலின் பிளேட்டில் வரி வேறு. கோதண்டம் என்ன செய்தான் என்றால், பழைய பிளேட்டின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, டீசல் பிளேட்டின் நடுவில் வைத்து ரிவிட் அடித்தான். தட்டின் விளிம்பு என்ஜினுக்கு, நடு கியர்பாக்ஸுக்கு. அந்தக் காலத்தில் ஊரில் பாதி வண்டிகள் இப்படித்தான் ஓடின. நன்றாகச் செய்தால் வருஷக்கணக்கில் உழைக்கும். கோதண்டத்துக்கோ முதலாளியின் அவசரம். நல்ல ரிவிட் மெட்ராஸிலிருந்து வருவதற்குள் "வைகாசி கருட சேவைக்கு வண்டி வேணும்" என்று ஆள்மேல் ஆள் அனுப்பினார். அவன் கையில் கிடைத்த ரிவிட்டை வைத்து அடித்து முடித்துவிட்டான்.

ஓட்டின முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. கிளச்சை முழுக்க அழுத்தினாலும் வண்டி லேசாக ஊர்ந்தது. கியர் மாற்றினால் கறமுற என்று கடித்தது.

"முதலாளி, கிளச் பிடிக்குது, விட மாட்டேங்குது. ஒரு தரம் இறக்கிப் பாத்துடலாம்."

"ஓட்டத் தெரியாதவன்தான் வண்டியக் குத்தம் சொல்லுவான். நேரா பாத்து ஓட்டு."

தோளில் குடைக் கம்பி.

கருட சேவை அன்று விடியற்காலையில் கிளம்பினோம். பின்னால் முதலாளி, அவர் அம்மா, அவர் மனைவி. சின்ன காஞ்சிபுரம் நெருங்கும்போதே தெரு முழுக்கத் தலைகள். "இதுக்கு மேல வண்டி வாணாம் முதலாளி, நடந்துடலாம்" என்றேன். "நான் இன்னா நடந்து போற ஆளா?" என்றார். கயிறு கட்டி நின்ற போலீஸ்காரர் முதலாளியைப் பார்த்ததும் கயிற்றைத் தூக்கிவிட்டார். முதல் கியரில் மெதுவாக உள்ளே விட்டேன்.

பாதித் தெருவில் காலுக்கடியில் 'டங்' என்று ஒரு சத்தம். கிளச் மிதி தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. வண்டி நிற்கவில்லை. பிரேக்கில் ஏறி நின்றேன். பெட்ரோல் என்ஜினாக இருந்தால் அங்கேயே அணைந்திருக்கும். டீசல் அடங்காது, பிரேக் போடப் போட இன்னும் முக்கிக்கொண்டு இழுத்தது. அதைச் சாவியாலும் அணைக்க முடியாது, ஒரு கம்பியை இழுக்க வேண்டும். இழுத்தேன், கம்பி கையோடு வந்துவிட்டது. கியரை உருவப் பார்த்தேன், கவ்விக்கொண்டது. எதிரில் கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு ஜனங்கள், எனக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். ஹாரன் மேளச் சத்தத்தில் எங்கே கேட்கப்போகிறது?

இடது பக்கம் ஒரு கல் மண்டபம், அதன் ஓரமாக ஒரு பொரிகடலைக் கடை. கடைக்காரம்மா சாமி பார்க்க நாலடி தள்ளிப் போய் நின்றிருந்தாள். ஆள் இல்லாத இடம் தெருவிலேயே அது ஒன்றுதான். ஸ்டியரிங்கை ஒடித்தேன். பந்தல் சரிந்து, கூடைகள் நசுங்கி, பொரி மழை மாதிரி கொட்டியது. மண்டபத்துப் படியில் மோதித்தான் என்ஜின் செத்தது.

ஒருவருக்கும் சின்னக் கீறல்கூட இல்லை. நான் இறங்கினேன். பின்கதவு திறந்தது. முதலாளி இறங்கிவந்து, அத்தனை கூட்டத்துக்கு நடுவில் என் கன்னத்தில் அறைந்தார். நான் கையை ஓங்கிவிட்டேன். வண்டிக்குள்ளிருந்து அவருடைய அம்மா, நெற்றிக் குங்குமம் மூக்கெல்லாம் வழிய, "இன்னொண்ணு குடுடா அவனுக்கு!" என்று கத்தினாள். ஓங்கிய கையோடு நான் நின்றது இப்போது நினைத்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. சாவியைப் பிடுங்கிப் பொரிக் குவியலில் எறிந்துவிட்டு நடந்தேன்.

கடைக்காரம்மா பெயர் பச்சையம்மா, தாமல் ஊர்க்காரி. பின்னாலேயே ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தாள். "பாவி, இவ்ளோ பெரிய ஊருல என் கடதான் கெடச்சுதா உனுக்கு?" கூட்டத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்றேன். "அந்தக் கூட்டமா வந்து என் கடயக் கட்டித் தரும்?" என்றாள்.

மறுநாளே ஊர் முழுக்கப் பேச்சு: குடித்துவிட்டு ஓட்டினான், பிரேக் எது கிளச் எது என்று தெரியாதவன். சொன்னது முதலாளி. ஒருவரும் எனக்கு வண்டி கொடுக்கவில்லை. நேரே கோதண்டத்தின் ஷெட்டுக்குப் போனேன். கியர்பாக்ஸை இறக்கி வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எதன்மேலோ சாக்கை இழுத்துப் போட்டான். சாக்கைத் தள்ளினேன். அதே பிளேட். ரிவிட் பாதி அறுந்து, நடுப்பகுதி கிளச்சை விடவிடாமல் கோணிக்கொண்டு நின்றது.

"இத முதலாளிகிட்ட காட்டினியா?"

"காட்டினேன்."

"இன்னா சொன்னாரு?"

"மூடிக்கினு வேலயப் பாருன்னாரு. நான் வாயத் தொறந்தா இந்த ஊருல எவன்பா எனுக்கு வண்டி குடுப்பான்?"

"எனுக்கு மட்டும் எவன் குடுப்பான்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். உண்மையைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிகிறவன்மேல் கோபம் இரட்டிப்பாகத்தான் வருகிறது. பிளேட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தேன். முதலாளியின் கடையில் கூறைப்புடவை எடுக்க ஒரு கல்யாணக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. வெள்ளை விரிப்பின்மேல் புடவைகள் விசிறியாகக் கிடந்தன. நடுவில் பிளேட்டை டமாரென்று வைத்தேன்.

"பாருங்க, எல்லாரும் நல்லா பாருங்க! இதுதான் அறுந்தது. நான் குடிக்கல!"

பட்டில் ஓர் இழை தப்பினால் கண்டுபிடிக்கிற ஜனம். கிளச் பிளேட்டைப் பார்த்து என்ன சொல்லும்? கல்யாணப் பெண்ணின் அப்பா என்னைப் பழைய இரும்பு விற்க வந்தவன் என்றே நினைத்துவிட்டார். "அப்புறம் வாப்பா" என்றார். முதலாளி மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் புரிந்தது. அந்த ஒரு பார்வையில் எல்லாம் இருந்தது. பிறகு, "விரிப்பு கறையாயிடுச்சு, வெளிய தள்ளு இவன" என்றார். இரண்டு பேர் என்னைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே விட்டார்கள், பிளேட் உள்ளேயே தங்கிவிட்டது.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் எது தெரியுமா? கோதண்டம் நல்ல ரிவிட் போட்டு மறுபடி கோத்தான். அந்த வண்டி பூப்போல ஓடியது. வேறொருவன் மீசையை முறுக்கிக்கொண்டு ஓட்டினான்.

நான் தென்னேரிப் பக்கம் நெல் லாரி ஓட்டினேன். பல வருஷம் கழித்து டவுன் பஸ்ஸுக்கு வந்தேன். ஒருநாள் செவிலிமேடு நிறுத்தத்தில் முதலாளி ஏறினார். தலை நரைத்திருந்தது, கையில் துணிப்பை. கார் எப்போதோ போய்விட்டிருந்தது. கம்பியைப் பிடித்தவர் என் முகத்தைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று நான் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் விசில்மேல் விசில் அடித்தார். முதலாளி திரும்பி, படியில் மெல்ல இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு நின்றுகொண்டார்.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கோதண்டமும் போனான். அவன் ஷெட் இருந்த இடத்தில் இப்போது யாத்திரிகர்கள் தங்கும் லாட்ஜ். அங்கே நின்று இரண்டு ஜாதியைக் கோத்த கதையைச் சொன்னால் வரவேற்பில் இருக்கிற பையன் ரூம் வேணுமா என்று கேட்கிறான். பச்சையம்மா மட்டும் வெகுகாலம் இருந்தாள். மண்டபத்துப் பக்கம் போகும்போதெல்லாம் "வந்துட்டான் பாரு, கடய இடிச்சவன்" என்பாள். போன வைகாசியில் போனேன். அந்த இடத்தில் இரும்புத் தடுப்பு வைத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். என்னை ஒருவரும் திட்டவில்லை.