மீன் கீறிய இசைத்தட்டு

போன சனிக்கிழமை பின்னேரம் இணையத்தில் ஓர் இசைத்தட்டின் படத்தைப் பார்த்தேன். கையில் இருந்த தேத்தண்ணீர் ஆறிப்போனது. கோபம் இன்னும் ஆறவில்லை.

உங்களில் பலருக்குத் தெரியும்: மானிப்பாயில் வீட்டிலிருந்தபடியே ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் பிழை பிடிப்பதுதான் வேலை. அப்படிப் பழகிய கண் விடுமுறை நாளில் சும்மா இருக்குமா? அதற்கு நான் போடும் தீனி, இசைத்தட்டுகள். அதுவும் ஒரே ஒரு பாடகருடையவை. பெயர் சொல்லமாட்டேன் — சொன்னால் பத்தியை விட்டுவிட்டு நீங்கள் பாட ஆரம்பித்துவிடுவீர்கள்.

அவருடைய தட்டுகள் பெரும்பாலும் இந்தியாவில் அச்சானவை. சில மட்டும் சிங்கப்பூரிலும் இங்கிலாந்திலும் அச்சாகியிருக்கின்றன. இந்த வெளிநாட்டு அச்சுகளைத் தேடி அலைகிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழுவே இருக்கிறது. நானும் அதில் ஓர் ஆள்.

எது எந்த ஊர் அச்சு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உறையை நம்பக்கூடாது. யாழ்ப்பாணத்தில் நம்பவே கூடாது... நாங்கள் ஓடிய ஓட்டங்களில் எந்தத் தட்டு எந்த உறைக்குள் போனதென்று யாருக்குத் தெரியும்? லேபிளின் நிறம் பாதிச் சாட்சி. மிச்சச் சாட்சி, பாட்டு முடிந்து லேபிள் தொடங்குமுன் இருக்கும் வெறும் வளையத்தில் இருக்கிறது. தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் அங்கே அச்சு எண்ணும் ஆலையின் குறியும் தெரியும்.

குழுவில் வந்த சனிக்கிழமைப் படத்தில் அந்த வளையத்தில் ஒரு மீன் இருந்தது. குட்டி மீன். வால் மட்டும் கொஞ்சம் கோணல்.

படத்தின் கீழே விற்பனைக் குறிப்பு: "சிங்கப்பூர் முதல் அச்சு. ஒலிப்பதிவுப் பொறியாளர் தன் கையால் பொறித்த மீன் முத்திரையுடன். மிக மிக அரிது."

போட்டவர் லண்டனில் இருக்கும் பரன் அண்ணை. உண்மைப் பெயர் அதுவல்ல. குழுவில் இருப்பவர்களுக்கு ஆளைத் தெரியும். அங்கே அவர் சொன்னால் சொன்னதுதான்.

ஆனால் எனக்கு அந்த மீனைத் தெரியும். அது குருநகர் மீன்.

கடலோரக் குருநகரில் ஜெசிந்தா அக்கா என்று எனக்கு ஒரு சிநேகிதி. அவருடைய அப்பா ஒலிபெருக்கிச் சேவை நடத்தியவர். தேவாலயப் பெருநாள், கோயில் திருவிழா, கலியாணம் — எதற்கும் அவருடைய குழாய்தான் மரத்தில் ஏறும். பெரிய திருவிழா என்றால் இரண்டு மூன்று சேவைக்காரர் பக்கத்தில் பக்கத்தில் இருந்து போட்டிக்குப் பாட்டுப் போடுவார்கள். அவசரத்தில் ஒருவருடைய தட்டு மற்றவருடைய பெட்டிக்குள் போய்விடும். லேபிளில் பேனாவால் எழுதினால் வியர்த்த கை பட்டு அழிந்துவிடும். அதனால் ஒவ்வொருவரும் அந்த வெறும் வளையத்தில் ஊசியால் தன் அடையாளத்தைக் கீறி வைத்தார்கள். ஒருவர் சூலம். ஒருவர் தென்னை. அக்காவின் அப்பா, மீன்.

அப்பா போன வருடம் காலமானார். சில மாதங்களில் பரன் அண்ணை ஊருக்கு வந்தார். "ஆவணப்படுத்தப் போறன் தங்கச்சி, பாட்டைப் பதிஞ்சுபோட்டுத் தாறன்" என்று, படத்தில் இருந்த அந்த ஒரு தட்டை வாங்கிப் போனார். உறையில் கரையான் அரித்திருந்ததால் அதை விட்டுவிட்டுப் போனார். அதோடு சரி.

அப்பா எங்கே குழாய் கட்டினாலும் முதலில் போடும் தட்டு அதுதான். அது ஒழுங்காகக் கேட்டால் பிறகு எதுவும் கேட்கும் என்பது அவர் கணக்கு. அடுத்த மாதம் அவருடைய ஓராண்டு நினைவுத் திருப்பலி. பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வரும்போது அந்தத் தட்டு பாட வேண்டும். அக்காவுக்கு வேறு ஆசை இல்லை.

போன் எடுத்தேன்.

"அக்கா, உங்கடை றெக்கோட் விலைக்கு வந்திருக்கு."

"விசர்க் கதை கதையாதையும் பிள்ளை. அவர் படிச்ச மனிசன்."

"படம் அனுப்பியிருக்கிறன், பாருங்கோ."

படத்தைத் திறந்து பார்த்தார்.

"அப்பான்ரை மீன்தான்," என்றார். "வாலைப் பாரும். மனிசன் ஒருநாளும் வாலை நேராக் கீறினதில்லை."

குழுவில் மரியாதையாகத்தான் எழுதினேன் — இது பொறியாளரின் குறி அல்ல, சொந்தக்காரர் பிறகு கீறியது என்று. அச்சாகும் முன்பே பொறித்த குறி என்றால் ஓரம் வழுவழுப்பாக, தட்டோடு தட்டாக மினுங்கும். பிறகு ஊசியால் கீறினால் இரண்டு பக்கமும் பிசிறு எழும்பும், வெளிறித் தெரியும். பரன் அண்ணை போட்ட படத்தையே பெருப்பித்து, பிசிறை வட்டமிட்டுக் காட்டினேன்.

வந்த பதில்கள்? "தங்கச்சி, உது நுணுக்கமான விசயம்." "உமக்கு உதெல்லாம் ஆர் சொல்லித் தந்தது?" இன்னொருவர், பாவம், உதவி செய்வதாக நினைத்து: "வீட்டிலை அப்பா, அண்ணை ஆரும் சேகரிக்கினமோ? அவையைக் கதைக்கச் சொல்லும்."

ஓர் ஆண் "முதல் அச்சு" என்றால் அது ஆராய்ச்சி. நான் "இல்லை" என்றால் வாய்க்கொழுப்பு. அப்படித்தானே?

கோபம் வந்தால் நான் கத்துவதில்லை, ஆதாரம் சேர்ப்பேன். ஞாயிறு பூசை முடிகிற நேரம் பார்த்துக் குருநகருக்குப் போனேன். அக்கா பெட்டியைத் திறந்து தட்டுகளை ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பிடித்தார். நான் படம் எடுத்தேன். இந்திய அச்சில் மீன். தேவாலயப் பாடல் தட்டில் மீன். நாடக வசனத் தட்டில் மீன். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் தட்டிலும் மீன்! எல்லா வாலும் கோணல்.

படங்களைக் குழுவில் போட்டுக் கேட்டேன்: "சிங்கப்பூர்ப் பொறியாளர் குருநகரில் வந்து தங்கி இவற்றுக்கும் கீறினாரா?"

பரன் அண்ணை மன்னிப்புக் கேட்டாரா? இல்லை. நான் குருநகரில் இருக்கும்போதே விற்பனைக் குறிப்பைத் திருத்தினார். பொறியாளர் காணாமல் போனார். புது வரி ஒன்று வந்தது: "முந்தைய உரிமையாளரின் கீறல் உண்டு. அதனால் தரம் சற்றுக் குறைவு."

வாசித்தீர்களா? பொறியாளர் கீறினால் முத்திரை. ஒலிபெருக்கிக்காரர் கீறினால் பழுது. அதே மீன். அதே வால்.

அக்காவின் வீட்டிலிருந்தே அவருக்குப் போன் எடுத்தேன். அக்காவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணை, உது ஜெசிந்தா அக்கான்ரை. திருப்பி அனுப்புங்கோ."

"நீர் உணர்ச்சிவசப்படுறீர் பிள்ளை. அங்கை வெக்கை, தூசி, கரையான். அங்கை இருந்தா நாசமாப் போயிடும். என்னட்டைப் பத்திரமா இருக்கு."

"பத்திரமா வச்சிருக்கிறவர் ஏன் விக்கிறீங்கள்?"

"சரியான ஆளிட்டைப் போய்ச் சேரவேணும் எண்டுதான்..."

இடம்பெயர்ந்தபோது உடுப்புப் பெட்டியை விட்டுவிட்டு இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாவகச்சேரிவரை நடந்த குடும்பம் இது. வெக்கைக்கும் தூசிக்கும் ஷெல்லுக்கும் தப்பிய தட்டு, ஆவணப்படுத்தலுக்குத் தப்பவில்லை. எங்கள் பொருளை எங்களால் காப்பாற்ற முடியாதென்று சொல்கிறவர்கள், காப்பாற்றி வைத்திருந்த பொருளைத்தானே வந்து வாங்கிப் போகிறார்கள்?

பரன் அண்ணை நிறுத்தவில்லை. "அவவுக்கு நல்ல கொப்பி ஒண்டு அனுப்பிவிடுறன். கீறல் சத்தமெல்லாம் எடுத்து, கிளீனா. போனிலையே கேக்கலாம்."

அதுவரை தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த அக்கா போனின் பக்கம் குனிந்தார்.

"அண்ணை, நான் உங்களுக்குத் தந்தது கொப்பியோ?"

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

திங்கட்கிழமை விற்பனைக் குறிப்பு குழுவிலிருந்து மறைந்துவிட்டது. தட்டை அனுப்புவதாக மட்டும் பரன் அண்ணை சொல்லவில்லை. அவரிடமிருந்து தனிச்செய்தி ஒன்று வந்தது: உம்முடைய படங்களை அழித்துவிடும், ஆட்கள் பிழையாக நினைக்கிறார்கள், தட்டைப் பற்றிப் பிறகு யோசிப்பம் என்று. நான் அழிக்கவில்லை. ஆட்கள் சரியாகத்தான் நினைக்கிறார்கள்.

பரன் அண்ணை, நீங்கள் இந்தப் பத்தியைத் தவறாமல் வாசிப்பவர் என்று எனக்குத் தெரியும். கரையான் அரித்த பக்கத்துக்கு மட்டை ஒட்டி, அக்கா உறையைத் தயாராக வைத்திருக்கிறார். தட்டை அனுப்பினால் போதும்.

கீறல் சத்தத்தோடு.