பூங்காவுக்குள் போன சாமி

தள்ளித் தள்ளிப் போய், ஏழு வயதில் எனக்குக் காது குத்த நாள் பார்த்தார்கள். செட்டிகுளத்திலிருந்து பஸ் ஏறிப் பெரம்பலூர் வந்து இறங்கினால், எங்கள் குலசாமியைக் காணவில்லை.

நடு ஊரில், சந்தை கூடும் திடலின் ஓரத்தில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் நட்டிருந்த மூன்று கற்கள்தான் சாமி. பூசாரி கிடையாது. குடும்பத்தில் விசேஷம் வந்தால் நாங்களே போய்ப் பொங்கல் வைப்போம். சில வருஷமாக விசேஷம் எதுவும் வரவில்லை, நாங்களும் போகவில்லை. அதற்குள் சந்தையை வேறு பக்கம் மாற்றிவிட்டுத் திடலைப் பூங்காவாக்கியிருந்தார்கள். கம்பி வேலி, புல்தரை, சறுக்குமரம், சிமெண்டு மான். வேப்பமரத்தைச் சுற்றிக் கட்டிய மேடையில் சிலர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். கற்கள் இல்லை.

"சாமி இல்லாம எப்படிக் காது குத்துறது?" என்றாள் அம்மா. அப்பா மானின் காலடியிலிருந்து குழாயடி வரை குனிந்து குனிந்து தேடினார். என்னை மடியில் வைத்துக்கொள்ள வந்த மாமாவும், ஊசியோடு வந்த ஆசாரியும் வெறுமனே நின்றார்கள். சாமி கிடைக்கக் கூடாது என்று நான் மட்டும் அந்தச் சாமியையே வேண்டிக்கொண்டிருந்தேன்.

காவல்காரர் வந்தார். "என்னத்தங்க தொலைச்சிட்டீங்க? சாவியா?"

"சாமிங்க," என்றார் மாமா. "மூணு கல்லு."

அவர் சட்டென்று செருப்பைக் கழற்றினார். "இத்தன நாளா எங்கங்க போயிருந்தீங்க? மண்ணு தள்ளுற வண்டி வந்தப்ப நாந்தான் தூக்கி வச்சேன். கெடா கேக்குற சாமியா, சைவ சாமியான்னு தெரியாம வெறும் சூடத்தக் காட்டிட்டு பயந்துகிட்டே கெடக்கேன்!"

சாமான் அறையில், மண்வெட்டிகளுக்கு நடுவே, மஞ்சள் பூசி, செம்பருத்தி வைத்து, மூன்று கற்களும் இருந்தன. "சைவந்தாங்க," என்றாள் அம்மா, அழுதுகொண்டே சிரித்து. காவல்காரர் பெருமூச்சு விட்டார்.

உள்ளே அடுப்பு மூட்டக் கூடாதாம். கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் பொங்கல் பொங்கியது. அறை வாசலிலேயே எனக்குக் காது குத்தினார்கள். நான் போட்ட கூச்சலில் பேப்பர் படித்தவர்களெல்லாம் எழுந்து வந்தார்கள்.

கற்களைப் பையில் போட்டு ஊருக்கே கொண்டுபோய்விடலாம் என்றார் மாமா. "வேணாம் மச்சான். அது இங்கயே இருக்கட்டும்," என்று அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். அவரும் காவல்காரரும் மரத்துக்குப் பின்பக்கம் குழி தோண்டிக் கற்களை நட்டார்கள்.

பிறகு அப்பா சறுக்குமரத்தின் பக்கம் போய், புல்லில் கால் வைக்கக் கூடாது என்ற பலகைக்கு அருகிலேயே நீட்டிப் படுத்துவிட்டார். காவல்காரர் விசிலோடு நெருங்கினார்.

"எங்க வூடு இந்த எடத்துலதாங்க இருந்துச்சு. சந்தையில மூட்ட தூக்குன சனமெல்லாம் இங்கதான் குடிச போட்டிருந்தோம். நான் பொறந்ததே இங்கதான்."

காவல்காரர் விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். எனக்கோ கூச்சம் பிடுங்கித் தின்றது. பூங்காவுக்குள் யாராவது வீடு கட்டுவார்களா? விசிலுக்குப் பயந்து அப்பா பொய் சொல்கிறார் என்றே நினைத்தேன். பஸ் போய்விடும், எழுந்திரு என்று வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

"கொஞ்ச நேரம் இரு பாப்பா," என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.