சூயஸ் பற்றி நான் ஆற்றிய சொற்பொழிவு

ஆம்பூர் படிப்பகத்தில் உலக விவகார வகுப்பு தொடங்கத் தீர்மானம், அனுமதி, அறிவிப்பு எல்லாவற்றையும் முறைப்படி முடித்தவன் நான். சூயஸ் கால்வாயில் போக்குவரத்து நின்றபோது ஒரு மணி நேரச் சொற்பொழிவு தயாரித்தேன். வந்தவர்கள் நான்கு பேர். கால்வாய் வெட்டிய வரலாற்றை நான் முடிப்பதற்குள் அவர்களும் எதிரே இருந்த டீக்கடைக்குப் போய்விட்டார்கள்.

அங்கே, ஏற்றுமதித் தோல் கட்டுகளின்மேல் துறைமுகப் பெயர் எழுதும் தொழிலாளி ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். சுற்றிலும் முப்பது பேராவது இருக்கும்.

"கால்வாயை மூடிட்டா நம்ம தோலு ஆப்பிரிக்காவைச் சுத்தித்தான் லண்டன் போவணும். அது போய்ச் சேர்ற வரைக்கும் புது ஆர்டர் வராது. அப்புறம் நமக்கு இன்னா வேலை?"

ஒருவரும் கொட்டாவி விடவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. வாசலில் நின்ற என்னை அவர் பார்த்துவிட்டார்.

"சாருக்கு இடம் விடுங்கப்பா. சார், சுத்திப் போனா எத்தினி நாள் ஜாஸ்தி ஆவும்? நீங்க படிச்சவரு, சொல்லுங்க."

எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது; நாள் கணக்கை அவரே சொல்லி முடித்தார். என்னை மட்டம் தட்டத்தான் கேட்டார் என்று இன்றுவரை நம்புகிறேன். இல்லையென்றால் அவரை நல்ல மனிதர் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.