ப்ரிஸ்க் என்ற வார்த்தைக்கு அம்மா போட்ட சண்டை

ஸ்ஸ்ர்ர்ப்...

டீயை உறிஞ்சும் அந்தச் சத்தம் இப்போதும் என் காதை விட்டுப் போகவில்லை!

எங்கள் எஸ்டேட் பாக்டரியில் டேஸ்டிங் ரூம் என்று ஒரு அறை. நீள மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்கும். டேஸ்டிங் சார் ஒவ்வொன்றாக உறிஞ்சுவார், வாயில் உருட்டுவார், துப்புவார். பிறகு ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை. "டல்." "ப்ளாட்." "ஹார்ஷ்." இலையைக் காயவைக்கிற டிரையரில் சூடு கூடிப்போனால் "பேக்கி". சூடு குறைந்து தூள் புழுங்கிப்போனால் "ஸ்டூட்".

எல்லாமே திட்டுதான்! டீ நன்றாக இருந்தால் அவர் வாயே திறக்க மாட்டார். அடுத்த கோப்பைக்கு நகர்ந்துவிடுவார். அந்த நகர்தல்தான் எங்களுக்குப் பாராட்டு.

இந்த வார்த்தைகள் பாக்டரியிலிருந்து நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டன. வேலைக்குச் சுணங்குகிறவன் ப்ளாட். சிடுசிடுக்கிற மாமியார் ஹார்ஷ். என் அம்மா கொழுந்து கிள்ளுகிறவள், பள்ளிக்கூடப் பக்கமே போகாதவள். சித்தப்பா மசமசவென்று நடந்து வருவதைப் பார்த்தாலே, "இந்தா வந்துட்டாருல்லா ஸ்டூட்டு" என்பாள். சித்தப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

அது அம்மா ரிட்டயர் ஆகவேண்டிய வருஷம். அப்பா முன்பே இறந்துவிட்டார். எஸ்டேட் வீடு என்பது வேலையோடு ஒட்டியது... வீட்டில் ஒருவருக்காவது பெர்மனென்ட் வேலை இருக்க வேண்டும். நான் டிரையரில் டெம்பரவரி. தனியாக நின்று நான் போடும் முதல் தூள் தேறினால் பெர்மனென்ட் என்று சொல்லியிருந்தார்கள். தேறாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு நான் எங்கே போவேன்?

அன்று டேஸ்டிங்குக்கு வந்தவர் கொச்சியிலிருந்து வந்த புது சார். என் கோப்பையை எடுத்தார். உறிஞ்சினார். துப்பினார். நகர்ந்துவிடு சாமி, நகர்ந்துவிடு என்று மனசுக்குள் கும்பிட்டேன்...

நகரவில்லை. "ப்ரிஸ்க்!" என்றார்.

பழைய சார் வாயிலிருந்து ஒருநாளும் வராத வார்த்தை. இருக்கிற திட்டெல்லாம் போதாது என்று எனக்காகக் கொச்சியிலிருந்து ஒரு புதுத் திட்டு!

வீட்டுக்கு ஓடினேன்.

"எம்மா, எல்லாம் போச்சும்மா. ப்ரிஸ்க்காம்!"

"அப்படின்னா என்னல?"

"தெரியலம்மா. பேக்கிய விட மோசம் போல."

தங்கச்சி மூட்டை கட்டவேண்டிய பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள். அம்மா அழவில்லை. கொண்டையை இறுக்கி முடிந்தாள். பாக்டரி ஏற்றத்தில் அவள் கிடுகிடுவென்று ஏறிய வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

சார் காரில் ஏறப்போகிற நேரம். அம்மா குறுக்கே போய் நின்றாள்.

"எம் புள்ள போட்ட டீயவாய்யா கொற சொல்லுதீரு? நீருதான்யா டல்லு! நீருதான் ப்ளாட்டு! ஹார்ஷு! பேக்கி! ஸ்டூட்டு!"

ஒன்றுகூட விடவில்லை! தூள் சலிக்கும் பெண்கள், லோடு ஏற்றுகிறவர்கள் என்று மொத்தப் பாக்டரியும் வாசலுக்கு வந்துவிட்டது. சார் மலையாளி. முதலில் திகைத்து நின்றார், அப்புறம் விஷயம் புரிந்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"அம்மே, ப்ரிஸ்க்னா நல்ல டீன்னு அர்த்தமாக்கும். உங்க மோன் ரொம்ப நல்லா செய்திருக்கான்."

வேறு யாராக இருந்தாலும் வெட்கத்தில் தலையைக் குனிந்திருப்பார்கள். என் அம்மாவா?

"நல்லாருந்தா பேசாம போவ வேண்டியதுதான? எதுக்குய்யா வாயத் தெறந்து புள்ளையப் பதற வைக்குதீரு?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. வேலை பெர்மனென்ட் ஆனது. தங்கச்சி அந்த வீட்டிலிருந்துதான் கல்யாணமாகிப் போனாள். அம்மா கடைசிவரை அங்கேதான் இருந்தாள்.

பாக்டரி வேலையை விட்டுவிட்டு இப்போது நான் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறேன். வருகிறவர்கள் இறங்கும்போது சிரித்துக் கைகுலுக்குகிறார்கள். ஊர் போய்ச் சேர்ந்தபிறகு போனில் ரிவ்யூ எழுதுகிறார்கள். போன வாரம் ஒருவர் என்னை "அரகன்ட்" என்று எழுதியிருந்தார். திமிர் பிடித்தவன் என்று என் மகள்தான் அர்த்தம் சொன்னாள். யார் அவர், நான் என்ன செய்தேன்... எவ்வளவு யோசித்தும் முகம்கூட ஞாபகம் வரவில்லை.

"பதில் எழுதவாப்பா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன்.

அம்மா இருந்திருந்தால், அந்த ஆள் எந்த ஊர் என்று விசாரித்து, இந்நேரம் பஸ் ஏறியிருப்பாள்.