கனி வாத்தியாரும் பசை விட்ட பெட்டிகளும்

நாகூர் கனி வாத்தியார் வேலைக்குப் போனதில் அவருடைய அத்தா செய்யது அபுதாஹிருக்குத் துளியும் விருப்பமில்லை. விருதுநகரில் எண்ணெய்க் கடை வைத்திருந்த மனிதர் அவர். “கடையில உக்கார ஆளில்லாம நான் முளிச்சுக்கிட்டிருக்கேன், நீ ஊரான் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் குடுக்கப் போறியாக்கும்” என்று நாள்கணக்கில் முனகினார். கடைசியில் ஒரு சைக்கிளும், போகிற ஊரில் சுத்தமான எண்ணெய் கிடைக்காது என்று ஒரு டின் நல்லெண்ணெயும் கொடுத்து மகனை அனுப்பிவைத்தார்.

அது 1957. வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். மழை பெய்தால் பருத்தியும் கம்பும். பெய்யாவிட்டால் தீப்பெட்டி. சிவகாசிக் கம்பெனிகளுக்காக ஏஜெண்டுகள் மெல்லிசாகச் சீவிய மரச்சக்கையும் நீலத்தாளும் கட்டுக்கட்டாக வீடுகளில் இறக்கிவிட்டுப் போவார்கள். வீட்டில் பசை காய்ச்சி, சக்கையை மடித்து, தாளைச் சுற்றி ஒட்டி, காயவைத்து, வெறும் பெட்டிகளாகத் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஊரில் எந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்தாலும் விரல் நுனி நீலமாக இருக்கும்.

பள்ளிக்கூடத்துக்கு இரண்டே வாத்தியார்கள். ஹெட்மாஸ்டர் பெத்தணன் வயதில் மூத்தவர். காலையில் மணி அடித்ததும் புளியங்குச்சியோடு வாசலில் நிற்பார். பிந்தி வருகிறவர்களுக்கு உள்ளங்கையில் ஓர் அடி. அதில் கோபமோ வன்மமோ கிடையாது. சொந்த மகனுக்கும் அதே அடிதான். வாசலைப் பெருக்குவது, மணி அடிப்பது மாதிரி அவருக்கு அதுவும் ஒரு காலை வேலை. கனி தன் வகுப்பில் குச்சியைத் தொட்டதில்லை. ஆனால் வாசல் பெரியவருடையது என்று விட்டுவிட்டார்.

நாலாம் வகுப்பில் வீரலட்சுமி என்று ஒரு பிள்ளை இருந்தது. பாடத்தை ஒரு தடவை வாசித்துக் காட்டினால் போதும், மறு தடவை அவள் வாசிப்பாள். அவளும் வாரத்தில் பாதி நாள் பிந்திதான் வருவாள். ஒரு நாள் காலையில் அவள் கையைக் கவிழ்த்து நீட்டுவதைக் கனி பார்த்தார்.

“கையைத் திருப்பு தாயி” என்றார் ஹெட்மாஸ்டர்.

“இப்படியே அடிங்க சார்.”

புறங்கையில் விழுகிற அடி எலும்பில் பட்டு உயிர் போகும். அதைக் கேட்டு வாங்குகிறாளே என்று கனிக்கு விளங்கவில்லை. வகுப்பில் அவள் கையை விரித்துப் பார்த்தார். உள்ளங்கை முழுக்க வெடிப்பு. பசையில் பூச்சி அரிக்காமல் இருக்கத் துத்தம் கலப்பார்கள். அது நாள்பட்டால் தோலைத் தின்றுவிடும்.

“ரொம்ப எரியுதாம்மா?”

“எழுதுனா எரியாது சார். அடி வாங்குனாத்தான் எரியும்.”

மறுநாளே கனி, அத்தா கொடுத்த நல்லெண்ணெயில் ஒரு புட்டி நிரப்பிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். சாயங்காலம் மணி அடித்ததும் வீரலட்சுமியின் கையில் நாலு சொட்டு விட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்க்கச் சொன்னார். அதைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் கையை நீட்டிக்கொண்டு வந்தன. தினமும் அது வழக்கமாகிவிட்டது.

“என்ன ஓய், வாத்தியாரா வந்தீரா, வைத்தியரா வந்தீரா?” என்று ஹெட்மாஸ்டர் கேலி பேசினார். கனியும் சிரித்தார். அந்த நாட்களில் அவர் சைக்கிள் மிதித்து வீட்டுக்குப் போகும்போது காற்று எதிர்த்தாலும் தெரியாது. ஒரு நல்ல காரியம் இவ்வளவு சுலபமாக இருக்கிறதே என்று நினைத்துக்கொள்வார்.

அந்த மாதம் முடிவதற்குள் வீரலட்சுமி வருவது நின்றுபோனது. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தார். அந்த வாரம் முழுக்க வரவில்லை. சனிக்கிழமை அவளுடைய வீட்டைத் தேடிப் போனார்.

அவளுடைய அம்மா இருளம்மாள் வாசலில் கூனிக் குந்தி, ஒரு சாக்கு நிறையப் பெட்டிகளைக் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். வீரலட்சுமி வாத்தியாரைக் கண்டதும் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

“வாங்க சாயபு வாத்தியாரே. உக்காரச் சொல்லவும் இடமில்ல. பாருங்க இந்தக் கூத்தை.” ஒரு பெட்டியை எடுத்து விரலால் தட்டினாள். தாள் சருகு மாதிரி உரிந்து வந்தது. “ஒட்டுறது பூராவும் இவதான். ஒட்டுனது ஒட்டவே இல்ல. ஏஜெண்ட் தனுஷ்கோடி அம்புட்டையும் கழிச்சுட்டாரு. பசையில தண்ணி ஊத்தி ஏமாத்துதியா, இனிமே ஒனக்குக் கட்டு கிடையாதுன்னுட்டுப் போயிட்டாரு. நான் எங்க தண்ணி ஊத்துனேன்? இந்தக் களுதைதான் ஊத்தியிருக்கும்னு முதுகுல ரெண்டு வச்சேன். வாயத் தெறக்க மாட்டேங்குது.”

“பள்ளிக்கூடம்?”

“இனி என்ன பள்ளிக்கூடம். திங்கக்கிளமையில இருந்து கம்பெனிக்குக் கூட்டிக்கிட்டுப் போயி, சட்டத்துல தீக்குச்சி அடுக்க உக்கார வச்சிருவேன். வீட்டு வேலை போச்சுல்லா.”

கனி அந்தப் பெட்டியைக் கையில் வாங்கினார். நீலத்தாளின் உட்புறம் பளபளத்தது. வெயிலில் தூக்கிப் பார்த்தார். தாளில் விரல் விரலாக எண்ணெய்த் தடம். எண்ணெய்க் கடையில் பிறந்து வளர்ந்தவருக்கு அதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. சாயங்காலம் அவர் தேய்த்து அனுப்பிய கை, வீட்டுக்கு வந்ததும் நேரே தாளைத்தான் தொட்டிருக்கிறது. எண்ணெய் பட்ட இடத்தில் பசை எப்படிப் பிடிக்கும்?

கதவுக்குப் பின்னால் நின்றவளுக்கு இது தெரிந்திருந்தது. வாத்தியாரைக் காட்டிக் கொடுக்காமல் முதுகில் வாங்கியிருக்கிறாள்.

“அவளை அடிக்காதீக” என்றார். “பசையில குத்தமில்ல. எண்ணெய் தேய்ச்சு விட்டது நான். கை வெடிச்சிருக்கேன்னு செஞ்சேன்.”

இருளம்மாள் தலையில் கை வைத்தாள்.

“நல்லாச் செஞ்சீக போங்க! ஒட்டுற கைக்கு யாராச்சும் எண்ணெய் போடுவாகளா? நாங்க தலைக்கு எண்ணெய் வைக்கதே கட்டுக் குடுத்தனுப்பின மறுநாளுதான். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?”

“கேக்கணும்னு தோணலை. தப்புதான்.” கனி குரலைத் தாழ்த்திக் கேட்டார். “இப்பக் கேக்கேன். இவளுக்கு நான் என்ன செஞ்சா நல்லது?”

“நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். அந்த அடியை நிப்பாட்டச் சொல்லுங்க, அது போதும். விடியக்காலம் நான் களை வெட்டப் போயிருதேன். தனுஷ்கோடி வந்து கட்டை எண்ணி எடுத்துட்டுப் போற வரைக்கும் இவதான் காவல் இருக்கணும். அவரு வாரதே பள்ளிக்கூடத்து மணி அடிக்கற நேரம். பிள்ளை விளையாடிட்டா பிந்தி வருது?”

கனிக்கு முகம் சுட்டது. அடி வாங்கினால்தான் எரிகிறது என்று அந்தப் பிள்ளையே சொன்னது. காதில் கேட்டும், பெரியவரிடம் பேசப் பயந்துகொண்டு, யாரையும் எதிர்க்கத் தேவையில்லாத ஒரு நல்லதைத் தேடிப் பிடித்துச் செய்திருக்கிறார்.

முதலில் தனுஷ்கோடியைத் தேடிப் போனார். டீக்கடையில் நாலு பேர் நடுவே இருந்தார் ஏஜெண்ட். கனி அந்த நாலு பேர் முன்னாலேயே விஷயத்தைச் சொன்னார். தனுஷ்கோடி டீயை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“அட, அதானா சேதி! நானும் எல்லா வீட்டுலயும் ஒண்ணு ரெண்டு கழியுதேன்னு மண்டையப் போட்டு ஒடைச்சுக்கிட்டிருக்கேன். பசைக்கு வாங்குன மாவு மட்டம்னு கடைக்காரன்கூடச் சண்டை போட்டுட்டு வந்துட்டேன். சாயபு, ஒங்க எண்ணெய் நல்ல எண்ணெய்தான் வேய்!”

“எண்ணெயை நிப்பாட்டிட்டேன். இருளம்மாளுக்குக் கட்டு குடுங்க. குத்தம் அவ மேல இல்ல.”

“குடுக்கேன். ஆனா கழிச்சதை ஒட்டித் தரணும். கம்பெனி சக்கை, சும்மா விட முடியாதுல்லா.”

ஞாயிற்றுக்கிழமை கனி இருளம்மாள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார். பசைச் சட்டியை நடுவில் வைத்து மூவருமாக ஒட்டினார்கள். அவர் ஒட்டிய பெட்டிகள் ஒன்றும் சதுரமாக வரவில்லை.

“சார், மூலை மடியல. இது கூரை சரிஞ்ச வீடு மாதிரி இருக்கு” என்று வீரலட்சுமி அவர் கையிலிருந்து பிடுங்கித் திருத்தினாள்.

“ஏட்டி, வாத்தியாரை அப்படிச் சொல்லலாமா?” என்று அதட்டிய இருளம்மாளே சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் அவருடைய விரலிடுக்குகள் எரிய ஆரம்பித்தன. நகத்துக்குள் போன நீலம் கழுவியும் போகவில்லை. மறுநாள் வாசலில் ஹெட்மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டார்.

“கையில என்ன ஓய், பேனா ஒடைஞ்சுட்டா?”

கனி இதற்காகத்தான் சீக்கிரம் வந்திருந்தார். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். கடைசியில், “சார், பிந்துறது பிள்ளைக குத்தமில்ல. ஏஜெண்ட் வார நேரம் அப்படி. அந்தக் கையில அடி விள வேண்டாம்” என்றார்.

“ஏன் வேய், இதை இத்தன நாளா எங்கிட்டச் சொல்லல?”

“பயம் சார்.”

“என்னையக் கண்டா? பிள்ளைக பயந்தாச் சரி, நீரும் பயந்தா பள்ளிக்கூடம் வெளங்குமா?” ஹெட்மாஸ்டர் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யோசித்தார். “அடியை விட்டா எல்லாவனும் பத்து மணிக்கு வருவான். அதுக்கு என்ன சொல்லுதீரு?”

“பிந்தி வந்த பிள்ளைகளுக்கு விட்டுப்போன பாடத்தை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் நான் நடத்துதேன். அவுகளுக்கு விளையாட்டு கிடையாது.”

“அது அடியைவிடக் கொடுமையாட்டு இருக்கே” என்றார் ஹெட்மாஸ்டர். அவர் சரி என்று சொல்லவில்லை. மணியை அடித்துவிட்டு வந்து, வழக்கம்போல் குச்சியோடு வாசலில் நின்றார்.

கனி வகுப்புக்குள் போகாமல் ஜன்னலோரம் நின்றார். பிந்தி வந்த இரண்டு பேரை ஹெட்மாஸ்டர் கையை நீட்டச் சொன்னார். நீட்டிய கைகளை மூக்குக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார். “ம், உள்ள போ” என்றார். சாலையில் வேறு யாரையும் காணவில்லை. பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லத் தொடங்கிவிட்டார்கள். இருளம்மாள் மகளைக் கம்பெனிக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாளோ என்று கனி மறுபடியும் சாலையை எட்டிப் பார்த்தார்.

நாலாம் வாய்ப்பாடு முடிகிற நேரத்தில் வீரலட்சுமி ஓடி வந்தாள். மூச்சு வாங்க நின்று, பழக்கத்தில் கையைக் கவிழ்த்து நீட்டினாள்.

“தனுஷ்கோடி வந்துட்டுப் போயிட்டாரா?” என்று கேட்டார் ஹெட்மாஸ்டர்.

“போயிட்டாரு சார். ஒண்ணுகூடக் கழியல.”

“சரி. மத்தியானம் ஒனக்கு விளையாட்டு கிடையாது.”

“சரி சார்” என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினாள்.